பட்டம் உண்டு, பணியிடம் இல்லை: நாடகக் கலை பயின்ற தலித் மாணவர்களின் எதிர்காலம்

முதுகலைச் சேர்க்கைக்கான அறிவிப்புகள் வெளிவரும் மாதங்களில் எங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்களுள் ஒரு சிலரேனும் கேட்கும் கேள்வி இது: “நாடகக் கலையில் முதுகலை படித்தால் பிறகு என்ன வேலை கிடைக்கும்?” பெரும்பாலும் இவர்கள் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கல்லூரிக் கலை விழாவிலோ வீதி நாடகக் குழுவிலோ தம் திறனைக் கண்டுகொண்டவர்கள். சிலருடைய தந்தையோ பாட்டனாரோ பறையிசைக் கலைஞராகவோ கூத்துக் கலைஞராகவோ இருந்திருப்பார். இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “திறமை இருந்தால் வாய்ப்பு தேடி வரும்” என்பது.

இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. திறமையை அளப்பவர் யார், வாய்ப்பை வழங்குபவர் யார், அது வரும்வரை பசியோடு காத்திருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் அது மறைத்துவிடுகிறது. நாடகப் பட்டதாரிகளின் வாழ்க்கைப் பாதையைப் பேசும்போது நாம் முதன்மையாகப் பேச வேண்டியது பணியிடங்களைப் பற்றித்தான். அரசு அனுமதித்த பணியிடம் இருந்தால்தான் இட ஒதுக்கீடு செயல்படும். பணியிடமே இல்லாத துறையில் தொடர்பும் குடும்பச் செல்வமும் சாதிப் பின்புலமுமே தேர்வுக் குழுவாகிவிடுகின்றன. நாடகக் கல்வியில் நடந்துகொண்டிருப்பது இதுவே.

வகுப்பறை வரை வந்த உரிமை

1959இல் சங்கீத நாடக அகாதெமியின்கீழ்த் தொடங்கப்பட்டு, 1975இல் தன்னாட்சி நிறுவனமான தேசிய நாடகப் பள்ளி, இத்துறைக்கான முறைசார் கல்விக்கு வழிகாட்டியது. கேரளத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977இல் திருச்சூரில் அமைந்தது. தமிழில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையும், இந்திரா பார்த்தசாரதியின் பொறுப்பில் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியும் இப்பணியை மேற்கொண்டன. சே. இராமானுஜம், மு. இராமசாமி போன்றோர் தஞ்சையில் கற்பித்தனர்.

தலித் அரங்கின் வரலாறும் இந்நிறுவனங்களோடு பின்னிக் கிடக்கிறது. சிவகங்கைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் பிறந்த கே.ஏ. குணசேகரன், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகவும் நிகழ்கலைப் பள்ளியின் தலைவராகவும் பணியாற்றினார். தமிழின் முதல் தலித் நாடகமாகப் பலராலும் சுட்டப்படும் ‘பலி ஆடுகள்’ அவர் எழுதியது. ‘தன்னானே’ கலைக்குழுவின் வழியாகச் சேரிகளின் பாடலை அவர் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். ‘வடு’ என்னும் தன்வரலாற்றையும் எழுதினார். 2016இல் மறைந்த அவரது வாழ்வு நமக்குச் சொல்வது ஒன்று உண்டு. அவரிடம் கலை இருந்தது. அதனோடு ஒரு பேராசிரியர் பணியிடமும் இருந்தது. மாதச் சம்பளமும் நூலகமும் மாணவர்களும் இருந்த காரணத்தால்தான் ஒரு தனிமனிதரின் கலை ஓர் அறிவுத் துறையாக வளர முடிந்தது. அவ்வாறான பணியிடம் இன்றைய தலித் நாடகப் பட்டதாரிக்கு எட்டுகிறதா என்பதே நம் கேள்வி.

பல்கலைக்கழகத்தின் வாசல்

முதற்பாதை கற்பித்தல் பணி. இதற்குப் பொதுவாக நெட் தேர்வில் தகுதி பெற வேண்டும். நாடகத்துக்கெனத் தனித் தாள் இல்லை. நடனம், நாடகம், அரங்கு மூன்றும் 65ஆம் குறியீட்டெண் கொண்ட ஒரே பாடத்தில் அடக்கப்பட்டுள்ளன. நாட்டிய சாஸ்திரமும் செவ்வியல் நடன மரபுகளும் பாடத்திட்டத்தில் பெரும் இடம் பெறுகின்றன. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தெருக்கூத்தையும் வீதி நாடகத்தையும் தமிழில் ஆழமாகக் கற்ற மாணவர், தாம் என்றுமே பயிலாத நடன மரபின் கலைச்சொற்களை அயல்மொழியில் எதிர்கொள்ள நேர்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கு வழங்கப்படுகிறது. அதற்கான தேர்வும் இன்று நெட் தேர்வோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே கதவு மூடினால் ஆய்வுப் பாதையும் ஆசிரியப் பாதையும் ஒருசேர மூடிக்கொள்கின்றன.

தேர்வைக் கடந்தவர்களுக்கு அடுத்த தடை, பணி நியமனச் சுழற்சிமுறை. 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீட்டைக் கணக்கிடப் பல்கலைக்கழகத்தை ஓர் அலகாகக் கொள்ளாமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு அதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இதன் பொருளை நாடகத் துறையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 13 புள்ளிச் சுழற்சியில் பட்டியல் சாதியினருக்கான முதல் இடம் ஏழாவது பணியிடத்தில்தான் வருகிறது. ஐந்தே ஆசிரியர்கள் கொண்ட ஒரு துறையில் ஏழாவது சுழற்சி வர வேண்டுமானால், பணியிலிருப்பவர்களுள் இருவர் ஓய்வு பெற வேண்டும். அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து முடித்து, வயது வரம்பையும் கடந்திருப்பார்கள்.

நாடு தழுவிய போராட்டத்தின் விளைவாக 2019 மார்ச் 7 அன்று அவசரச் சட்டமும், அதன் தொடர்ச்சியாக மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணிப்பிரிவில் இட ஒதுக்கீடு) சட்டம், 2019உம் வந்தன. பல்கலைக்கழகமே அலகு என்பது மீட்கப்பட்டது. இது தெருவில் இறங்கிய மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற வெற்றி; இதை நாம் மறக்கலாகாது. ஆயினும் இரு இடைவெளிகள் எஞ்சியுள்ளன. முதலாவது, இச்சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. புதுவைப் பல்கலைக்கழகம் இதற்குள் வரும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வராது. இரண்டாவது, பல துறைகளின் பணியிடங்கள் ஒரே பட்டியலாகத் தொகுக்கப்படும்போது எந்தத் துறைக்கு ஒதுக்கீட்டு இடம் விழுகிறது என்பது பட்டியலைத் தயாரிக்கும் முறையைப் பொறுத்ததாகிறது. அந்தப் பட்டியல் மாணவர் கண்ணில் படுவதே இல்லை. ஒதுக்கீட்டு இடம் விழுந்தாலும், நேர்காணலின் முடிவில் “தகுதியானவர் எவரும் இல்லை” என்ற ஒற்றை வரியால் அதை நிரப்பாமல் விட முடிகிறது. நடிப்பையும் குரலையும் உடல்மொழியையும் மதிப்பிடும் துறையில் அந்த வரியை எழுதுவது இன்னும் எளிது.

இதற்கிடையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற புதிய வகையை அறிமுகப்படுத்தியது. துறை அனுபவம் உள்ளவர்கள் பட்டமின்றியும் கற்பிக்கலாம் என்பது கேட்க இனிமையானது. மூத்த பறையாசான் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியராக அமர இது வழிசெய்யலாம்தான். ஆனால் இவ்விடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு வெளியே உருவாக்கப்படுபவை. மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காடு வரை இவ்வாறு நிரப்பலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு வெளியே என்றால் சுழற்சிப் பட்டியலுக்கும் வெளியே என்றுதான் பொருள். வாசல் அகலமாகிறது, அதில் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் அரசமைப்பின் கண்காணிப்பிலிருந்து நழுவுகிறது.

பள்ளியில் இருக்கும் சட்டமும் இல்லாத ஆசிரியரும்

நாடகப் பட்டதாரிகளுக்கு மிகப் பெரிய எண்ணிக்கையில் வேலை தரக்கூடிய இடம் அரசுப் பள்ளி. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக இசை, நடனம், நாடகம் ஆகியவற்றை ஆராயத் தனிக்குழுவே அமைக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயம் என்பது அதன் நிலைப்பாடு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இன்னும் தெளிவானது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 100 பேருக்கு மேல் மாணவர் சேர்ந்துள்ள பள்ளியில் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆசிரியர் கல்விக்கான 2014ஆம் ஆண்டின் தேசிய ஒழுங்குமுறைகளில் நிகழ்கலைக்கெனப் பட்டயப் படிப்பும் வரையறுக்கப்பட்டுள்ளது.

சட்டம் ‘கலைக் கல்வி’ என்கிறது. நடைமுறையில் அது ஓவியமாகவும் இசையாகவும் மட்டுமே பொருள்கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி, தோட்டக்கலை, வாழ்வியல் திறன் போன்ற பாடங்களுக்கு இடமிருந்தது, நாடகத்துக்கு இல்லை. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் அரசுப் பள்ளிகளுக்கு நாடக ஆசிரியர்களை நியமித்த முன்னுதாரணம் இருக்கிறது. எனவே இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்ல முடியாது.

பகுதிநேர ஆசிரியர்களின் பட்டறிவு நாடகப் பட்டதாரிகளுக்கு ஒரு பாடமாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்ற நிலையில் 5,000 ரூபாயில் தொடங்கிய அவர்களது தொகுப்பூதியம், 2024இல்தான் 12,500 ரூபாயை எட்டியது. 2021 தேர்தலில் பணி நிரந்தரம் வாக்குறுதியாக அளிக்கப்பட்டது. அவர்கள் அதன் பின்னும் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. இவர்களுக்கான நிதி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக வருவது. 2024-25ஆம் ஆண்டுக்கான அந்த நிதியில் 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. இரு அரசுகளின் மோதலில் முதலில் நசுங்குபவர் தொகுப்பூதியத்தில் இருப்பவரே. ஆகவே நாம் கோர வேண்டியது ‘நாடகப் பயிற்றுநர்’ என்ற இன்னொரு தொகுப்பூதியப் பெயரை அன்று. காலமுறை ஊதியத்துடன் கூடிய, சுழற்சிப் பட்டியலுக்கு உட்பட்ட ‘நாடக ஆசிரியர்’ பணியிடத்தை.

பரப்புரைக்குத் தேவை, பணியிடத்துக்குத் தேவையில்லை

அரசுக்கு நாடகம் தேவைப்படாமல் இல்லை. 1990களின் அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தின் தோள்மீது ஏறித்தான் ஊர்களுக்குச் சென்றது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை மக்களிடம் கொண்டுசென்றவை கலைக்குழுக்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பொங்கலை ஒட்டிச் சென்னைச் சங்கமம் நடக்கிறது. எய்ட்ஸ் விழிப்புணர்வு, குழந்தைத் திருமணத் தடுப்பு, வாக்காளர் விழிப்புணர்வு என எதற்கும் ஒரு கலைக்குழு அழைக்கப்படுகிறது. இக்குழுக்களில் உழைப்பவர்களில் கணிசமானோர் தலித் இளைஞர்கள்.

ஆனால் இந்த உழைப்பு நாள்கூலியாகவே இருந்துவிடுகிறது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பணிச்சான்று கிடைப்பதில்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, ஊர் ஊராகச் செல்லும் வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டுக்கு யாரிடம் போவது என்பதற்கு எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தமும் இல்லை. இடைப்பட்ட ஒருங்கிணைப்பாளரோ நிறுவனமோ தொகையைப் பெற்றுக் கலைஞருக்குப் பங்கிடும் முறையில், எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு கைக்கு வந்தது என்ற கணக்கும் தெரிவதில்லை. ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மறுத்து அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் அதே பறையைச் சுயமரியாதையின் கருவியாக மாற்றி மேடையேற்றினார்கள். அந்த மேடையிலும் கூலி பேசாமல் வாசித்துவிட்டுப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தொடருமானால், மாறியிருப்பது அழைப்பவர் மட்டுமே.

ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் நல்கைகளையும் இங்கே நோக்க வேண்டும். இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய், இரண்டாண்டுகளுக்கு. இளநிலை ஆய்வு நல்கை மாதம் 10,000 ரூபாய். நாடகக் குழுவுக்கான குரு-சிஷ்யத் திட்டத்தில் குருவுக்கு 15,000 ரூபாயும், வயது வந்த சீடருக்கு 10,000 ரூபாயும், சீடர்கள் 18 பேர் வரையும் அனுமதிக்கப்படுகின்றனர். தொகைகள் சிறியவை என்பது ஒரு குறை. அவற்றின் அடிப்படைக் கருத்தாக்கம் அதைவிடப் பெரிய குறை. இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது ஐந்தாண்டு பயிற்சி பெற்றதாகக் குருவின் சான்றிதழைத் தர வேண்டும். கலை என்றால் ஒரு குருவின் காலடியில் கற்பது என்ற மரபை அரசுப் படிவம் சட்டமாக்கி வைத்திருக்கிறது. சேரியின் சாவடியில், தாய்மாமனின் தோளில் தொங்கிய பறையைப் பார்த்துக் கற்றவருக்குச் சான்றிதழ் எழுதித் தரும் குரு யார்? கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதையை அறிந்த சமூகத்துக்கு இந்தப் படிவத்தின் பொருள் விளங்காமல் இருக்காது.

திரைத்துறை என்னும் நம்பிக்கை

மாணவர்கள் பெரும்பாலும் நம்பும் பாதை திரைத்துறை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த் எனப் பலர் திரைக்குச் சென்றனர். பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ 2022இல் ஒரு நாடகக் குழுவையே கதைக்களமாக்கி, காதலும் சாதியும் ஒத்திகைக் கூடத்துக்குள் எவ்வாறு மோதுகின்றன என்று காட்டியது. நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் வானம் கலைத் திருவிழா தலித் அரங்கக் கலைஞர்களுக்கு ஒரு மேடையைத் தந்திருக்கிறது. இவை நம் பெருமைகள்.

எனினும் ஒரு துறை ஆண்டுதோறும் வெளியேற்றும் பட்டதாரிகள் அனைவருக்கும் இதை ஒரு வேலைவாய்ப்புத் திட்டமாகக் காட்டுவது நேர்மையாகாது. உதவி இயக்குநராகவும் நடிப்புப் பயிற்றுநராகவும் துணை நடிகராகவும் சேர்பவர், சென்னையில் ஊதியமின்றியோ அற்ப ஊதியத்திலோ சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். சங்க உறுப்பினர் அட்டைக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். வாடகைக்கு வீடு தேடும்போதே சாதி கேட்கப்படும் நகரில், மாதாமாதம் வீட்டிலிருந்து பணம் வரும் மாணவருக்கும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாணவருக்கும் காத்திருக்கும் ஆற்றல் ஒன்றாக இருக்காது. வாய்ப்பு வந்தபின்பும் நிறத்தையும் உடலையும் பார்த்து அடியாளாகவும் வேலைக்காரியாகவும் வகைப்படுத்தும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. இங்கே இட ஒதுக்கீட்டைக் கோரும் சட்ட வழி இன்று நமக்கு இல்லை. அதனாலேயே அரசுப் பணியிடங்களைப் பற்றி நாம் மேலும் அழுத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

“நாடகம் வேலைக்காகப் படிப்பதா? சமூக மாற்றத்துக்காக அல்லவா?” என்று நம் இயக்கத் தோழர்களே சிலர் கேட்பதுண்டு. சமூக மாற்றத்துக்காக உழைப்பவருக்கும் வாடகை உண்டு. வறுமையைக் கலைஞனின் அணிகலனாகப் போற்றும் பேச்சு, பொருள்வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே கலையை விட்டுவைக்கும். ஏழைத் தலித் மாணவர் செவிலியராகவோ பொறியாளராகவோ மட்டுமே ஆக வேண்டும் என்ற அறிவுரையும் அதன் மறுபக்கமே. எந்த அறிவுத் துறையிலும் நுழைந்து அங்கே நிலைத்திருக்கும் உரிமை நமக்கு உண்டு.

மாணவர்கள் உடனடியாகச் செய்யக்கூடியது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவது. தம் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒட்டுமொத்தச் சுழற்சிப் பதிவேட்டின் நகல், நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள், கடந்த பத்தாண்டுகளில் ‘தகுதியானவர் இல்லை’ என முடிந்த நேர்காணல்கள் ஆகியவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைத் தனித் தொகுப்பாக அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல அரசமைப்பின் 16(4ஆ) பிரிவு அனுமதிக்கிறது. ஒப்பந்தப் பணியானாலும், 45 நாள்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களில் இட ஒதுக்கீடு பின்பற்றப்பட வேண்டும் என்பது ஒன்றிய அரசின் ஆணை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் விருந்துநிலை விரிவுரையாளர் நியமனங்களை இதன் அடிப்படையில் கேள்விக்குள்ளாக்க வேண்டும்.

கலைக்குழுக்களில் உழைப்போர் எழுத்துவடிவ ஒப்பந்தத்தை முதற்கோரிக்கையாக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்குச் சம ஊதியம் உண்டு என 2016இல் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைக் காட்டியே நிரந்தரமாக்க மறுக்கும் போக்கை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் இத்தீர்ப்புகள் உதவ வேண்டுமானால், நாம் வேலை செய்தோம் என்பதற்குத் தாள் வேண்டும். வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதும் பாதுகாத்து வைப்பதும் போராட்டத்தின் ஒரு பகுதியே.

மாநில அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை தெளிவானது. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கெனச் சட்டம் இயற்றியுள்ளது. அம்மக்களுக்கான நிதி அவர்களுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு நாடக ஆசிரியர் பணியிடத்தையாவது காலமுறை ஊதியத்தில் உருவாக்கலாம். பட்டம் இல்லாத மூத்த கலைஞர்களின் அறிவை முறையாக மதிப்பிட்டு அவர்களையும் ஆசிரியர்களாக்கும் விதியையும் அதோடு சேர்க்கலாம்.

ஆசிரியரின் கேள்விக்கு எழுந்து நிற்கவே கூச்சப்படும் ஒரு சேரிக் குழந்தை, நாடக வகுப்பில் உரத்துப் பேசக் கற்பதைக் கண்டவர்கள் நாம். அந்த வகுப்பை நடத்தத் தகுதி பெற்றவர்கள் பட்டச் சான்றிதழுடன் வீட்டில் இருக்கிறார்கள். சேர்க்கை ஆலோசனைக்கு வரும் மாணவர்களிடம் படிக்காதீர்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. படியுங்கள், படிக்கும்போதே பணியிடத்துக்கான விண்ணப்பத்தோடு பணியிடத்தைக் கோரும் மனுவையும் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறோம்.